பாடி மட்டுமா, கிட்டோடா?

காமிரா ஒன்றை முதன்முதலாக வாங்க வருகிறவரிடமும், பல ஆண்டுகள் ஒன்றைப் பழகித் தேர்ந்து அதனினும் உயர்ந்த இன்னொன்றை நாடி வருகிறவரிடமும் கடைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றேதான்: "பாடி மட்டுமா, கிட்டோடா?" முன்னவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, லென்ஸ் இல்லாத காமிராவைக் கொண்டுபோய் அவர் என்ன செய்வது? பின்னவருடைய நிலைமை வேறு. அவர் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே ஒரு லென்ஸோ இரண்டோ இருக்கின்றன. கையிலுள்ள பணமோ அளவுக்கு உட்பட்டது. போதாக்குறைக்கு, கிட் லென்ஸ் என்றாலே முகம் சுளிக்கிற நண்பர் ஒருவரும், அதுவே எதற்கும் போதும் என்று சத்தியம் செய்கிற நண்பர் ஒருவரும் அவருக்குத் தவறாமல் வாய்த்திருப்பார்கள். இவ்விரு பட்சத்தாருடைய வாதங்களையும் நிதானமாகப் பரிசீலித்து, எந்தச் சந்தர்ப்பத்தில் எது பொருந்தும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த லென்ஸ் நல்லதா கெட்டதா என்ற விசாரணையிலேயே பொழுதெல்லாம் கழிந்துவிடுகிறது, காமிராவை மாற்றும்போது கூடவே வேறு எவையெவை மாறுகின்றன என்று கேட்பார் அரியர், விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

காமிராவோடு ஒரு லென்ஸைச் சேர்த்து விற்கும் வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பிலிம் காலத்தில், 1976-ல் வெளிவந்து உலகமெங்கும் பரவிய கானன் ஏஇ-1 போன்ற எஸ்எல்ஆர் காமிராக்களோடு சாதாரணமாகக் கிடைத்தது 50 மி.மீ. லென்ஸ், அதன் அபெர்ச்சர் எஃப் 1.8. அதில் ஜூம் கிடையாது. நெருங்கவோ விலகவோ வேண்டுமானால் படமெடுப்பவரே நடக்க வேண்டும். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்திலும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பதிவு செய்யும் சக்தி அதற்கு இருந்தது. ஜெர்மனியின் ஃபோக்ட்லேண்டர் கம்பெனி 35 மி.மீ. காமிராவுக்கான முதல் ஜூம் லென்ஸை 1959-லேயே கொண்டுவந்துவிட்டது. நிக்கானின் 43-86 மி.மீ. ஜூம் 1963-ல் வந்தது. ஆனாலும் இந்த ஆரம்ப கால ஜூம்களின் தெளிவு 50 மி.மீ. லென்ஸுக்கு ஈடாகாது என்பதை அறிந்திருந்தவர்கள் அவற்றை அந்த லென்ஸின் ஸ்தானத்தில் வைக்கவில்லை. தானாகவே ஃபோகஸ் செய்யும் காமிராக்கள் பெருகிய பிறகுதான் 35-70, 35-80, 28-80 என்று சிறு ஜூம்கள் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2003-ல் கானன் கம்பெனி 300டி என்ற டிஜிட்டல் எஸ்எல்ஆரை, பாடி மட்டுமானால் 899 டாலர் என்றும், 18-55 மி.மீ. லென்ஸோடு சேர்த்தால் 999 டாலர் என்றும் அமெரிக்கச் சந்தையில் இறக்கியபோது, இன்று நாம் கிட் லென்ஸ் என்று அழைக்கிற வஸ்து தன் பரிபூரண ரூபத்தை அடைந்தது எனலாம். நூறே டாலர் கூடுதலுக்கு விசாலக் கோணமும் கிடைக்கிறது, சற்றே நெருங்கிய முகமும் கிடைக்கிறது என்றால் எவர்தான் வேண்டாம் என்பார்?

அந்த நூறு டாலர் சௌகரியத்துக்குள் ஒரு நஷ்டமும் மறைந்திருந்தது. லென்ஸினுள் புகும் ஒளி எஃப் எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவதாகையால், 55 மி.மீ.யில் எஃப் 5.6 என்று நிற்கிற ஜூம், பழைய எஃப் 1.8 லென்ஸ் அனுமதித்த ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே அனுமதிக்கிறது. ஒரு மண்டபத்தில் முன்னதைக்கொண்டு ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுக்க வேண்டிய படத்தைப் பின்னதைக்கொண்டு ஐஎஸ்ஓ 640-லேயே எடுத்துவிடலாம். காமிரா வாங்கினாலே கூட வந்துகொண்டிருந்த ஒரு குணம், தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய விசேஷமாக மாறிற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, கிட் லென்ஸ் என்ற ஒரே பெயரில் அடங்குவன எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்லாமல் விட்டால் அது அநியாயமாகும். 2004-ல் நிக்கான் டி70-யோடு வந்த 18-70 மி.மீ. லென்ஸ், காமிராவோடு பொருந்தும் இடமாகிய மவுண்ட் உலோகத்தாலானது, திடமானது. அதை வைத்திருந்தவர்கள் பின்னாளில் வந்த 18-55-க்கு அதை மாற்றிக்கொள்ளச் சம்மதித்ததில்லை. 2005-ல் கானன் 5டி-யோடு சேர்த்து விற்கப்பட்ட 24-105 எஃப் 4 எல் தொழில்முறைப் படக்காரர்களின் கருவி. ஃப்யூஜிஃபிலிம் 2012-ல் கொண்டுவந்த 18-55 எஃப் 2.8-4, பெயரளவில் ஏழை 18-55-களுக்கு உறவு போலத் தோன்றினாலும், ஒளியிலும் கட்டுமானத்திலும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்கதன்று. நிக்கான் இசட்6-ஓடு 2018-ல் வந்த 24-70 எஃப் 4 எஸ் லென்ஸும் இவ்வகையைச் சேர்ந்ததே. அந்த ஏழை 18-55-உம் ஆரம்பத்தில் இருந்தபடியே இருந்துவிடவில்லை. கானனுடையது 2007-ல் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஐஎஸ் வசதியைப் பெற்றபோது தெளிவிலும் திருந்திற்று. 2013-ல் சப்தமில்லாத எஸ்டிஎம் மோட்டாரைப் பெற்றது. ஆதலால் "கிட் லென்ஸ் குப்பை" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டின், எந்தக் காமிராவோடு வந்த லென்ஸைச் சொல்கிறார் என்று முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் 2003-ல் பிறந்த அபிப்பிராயம் ஒன்று வாய்வழியாகவே நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கும்.

தெளிவு இல்லை என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. 300டி-யின் சென்சாரில் ஏறத்தாழ 6 மெகாபிக்சல். அதே அளவு சென்சார் உள்ள, நம் ஊர்க் கடைகளில் மிகுதியாக விற்ற கானன் 1500டி-யிலோ 24 மெகாபிக்சல். அதாவது லென்ஸ் வரைந்து காட்ட வேண்டிய கோடு ஏறத்தாழ இரு மடங்கு நுண்ணியதாகிவிட்டது. ஆயினும் இந்தச் சாமானிய லென்ஸ்களை எஃப் 8-க்குச் சுருக்கி, பகல் வெளிச்சத்தில் உபயோகித்தால், 6000 பிக்சல் அகலமுள்ள அந்தப் படத்தை அங்குலத்துக்கு 300 வீதம் 20 அங்குல அகலத்தில் அச்சிட்டு மாட்டினாலும், எது கிட் லென்ஸ், எது விலை உயர்ந்தது என்று சுவர் முன் நின்று பிரித்துச் சொல்வது எளிதன்று. மூலைகளை உற்றுப் பார்க்கிற வழக்கமுடையவர் சொல்லக்கூடும். அவர் படத்தைப் பார்க்க வந்தவரல்லர். புதிய மிரர்லெஸ் காமிராக்களின் சிறு ஜூம்களில் கோணல்களையும் மூலை இருட்டையும் காமிராவே கணக்கிட்டுத் திருத்திவிடுகிறது. சோனியின் 16-50 போன்றவற்றைத் திருத்தமின்றிப் பார்த்தால் திகைப்பே உண்டாகும். திருத்தும்போது ஓரங்கள் இழுபட்டுச் சற்றே மழுங்குவதும் உண்மைதான். இருந்தாலும் தெளிவைக் குறித்த சண்டை, அதற்குக் கொடுக்கப்படுகிற சப்தத்துக்குத் தகுந்த முக்கியத்துவம் உடையதன்று. ஒளியைக் குறித்த குறைதான் நிஜமான குறை; அதற்கு எஃப் 8 மருந்தாகாது.

இனி, மாற்றம் என்பது எத்தனை வகை என்று பார்ப்போம். அதே மவுண்ட், அதே அளவு சென்சார் என்ற எல்லைக்குள்ளேயே ஒருவர் மேலே போகிறார் என்றால், உதாரணமாகக் கானன் 1500டி-யிலிருந்து 90டி-க்கோ, நிக்கான் டி3400-லிருந்து டி7500-க்கோ போகிறார் என்றால், அவருக்கு இன்னொரு 18-55 எதற்கும் பிரயோஜனப்படாது. வீட்டிலிருப்பது அப்படியே பொருந்தும். 18-135, 18-140 போன்ற நீண்ட ஜூமுக்கு ஆசைப்பட்டால் அது தனி விஷயம். இந்த வகையில் இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

மவுண்ட் அதுவே, சென்சார் மட்டும் 35 மி.மீ. பிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமாகிறது என்ற வகையில் கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறுபடுகிறது. கானன் 6டி மார்க் 2-ஐ வாங்குகிறவர் சிறு சென்சாருக்கான தம்முடைய ஈஎஃப்-எஸ் 18-55-ஐ அதில் மாட்டவே முடியாது. நிக்கான் டி750-ஐ வாங்குகிறவர் சிறு சென்சாருக்கான தம் டிஎக்ஸ் லென்ஸை மாட்டலாம். ஆனால் 24 மெகாபிக்சல் காமிரா 10 மெகாபிக்சல் காமிராவாகச் சுருங்கிவிடும். இவ்வளவு செலவழித்து அந்தச் சுருக்கத்தை விலைக்கு வாங்குவதில் விவேகமில்லை. ஆகையால் இவ்வகையினருக்குப் புதிய லென்ஸ் அவசியமாகிறது. அது கிட்டாக வருவதா தனியே வாங்குவதா என்பதே எஞ்சிய கேள்வி. 24-105 எஃப் 4 எல், 24-120 எஃப் 4 போன்றவை கிட்டாக வருமானால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தனியே வாங்கும் விலைக்கும் கிட்டில் கூடும் விலைக்கும் உள்ள தாரதம்மியம் இவ்வகை லென்ஸ்களில்தான் பெரிதாக இருக்கிறது.

மவுண்டே மாறுகிற வகைதான் இன்று பெரும்பாலோருக்கு நேர்கிறது. கானனும் நிக்கானும் 2018-ல் முறையே ஆர்எஃப், இசட் என்ற புதிய மவுண்ட்களோடு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் காமிராக்களைக் கொண்டுவந்த பிறகு, எஸ்எல்ஆரிலிருந்து மேலே போவதென்றால் அடாப்டரின் துணை இல்லாமல் பழைய லென்ஸ்கள் செல்லா என்ற நிலை உண்டாயிற்று. கானனின் அடாப்டரில் கண்ணாடி ஏதும் இல்லை. ஆதலால் படத்தின் தரம் கெடுவதில்லை. ஃபோகஸும் நன்றாகவே வேலை செய்கிறது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், தனக்கென மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இதை அறியாமல் வாங்கி வருந்தியவர்கள் உண்டு.

1500டி-யும், அதனோடு வந்த 18-55-உம், பிறகு ஆசையாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸும் உடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இந்த மூன்றையும் வைத்திருப்பவர்கள் எண்ணிறந்தோர். அவர் கானனின் மிரர்லெஸ் காமிராவான ஆர்10-க்குப் போகிறார் என்றால், சென்சார் அளவு மாறாததால், 110 கிராம் அடாப்டரைப் போட்டுப் பழைய 18-55-ஐ அதில் பூரணமாக உபயோகிக்கலாம்; ஆனால் கிட்டாக வரும் ஆர்எஃப்-எஸ் 18-45 முழுவதுமே 130 கிராம்தான். பழைய லென்ஸும் அடாப்டரும் சேர்ந்து அதைப்போல இரு மடங்குக்கு மேல் கனக்கும். 50 மி.மீ. லென்ஸுக்காக அடாப்டரை எப்படியும் வாங்கத்தான் போகிறார் என்றால் 18-45-ஐ விட்டுவிடலாம். எடையைக் குறைக்கவே மிரர்லெஸுக்கு வந்தார் என்றால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும்விட, அதே காமிராவோடு கிட்டாகக் கிடைக்கும் 18-150-ஐ எடுத்துக்கொள்வது உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரயாணம் செய்கிறவருக்கு அந்த ஒரு லென்ஸே அநேக காரியங்களைச் செய்துவிடும்.

அவரே ஆர்8-க்குப் போகிறார் என்றால் கணக்கு சுவாரசியமாகிறது. 2023-ல் வந்த இந்த ஃபுல் ஃபிரேம் காமிராவோடு தரப்படும் கிட் லென்ஸ் 24-50 மி.மீ., எஃப் 4.5-6.3. எண்ணைப் பார்த்தவுடன், "பழைய 5.6-ஐவிட இது மோசமல்லவா?" என்று எண்ணத் தோன்றும். ஆனால் சென்சாரின் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிட்டபடியால், நீண்ட முனையில் படம் முழுவதற்கும் சேர்ந்து விழும் ஒளி பழைய ஜோடியைக்காட்டிலும் இரு மடங்கு அளவே ஆகிறது, நஷ்டமில்லை. நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. 1500டி-யில் 18-55 என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 29-88. அந்த 88-ல்தான் அவர் குழந்தையின் முகத்தையும், கல்யாணப் பெண்ணின் வெட்கத்தையும் எடுத்துப் பழகியிருக்கிறார். புதிய கிட் 50-லேயே நின்றுவிடுகிறது. அவருடைய 50 மி.மீ. லென்ஸோ, பழைய காமிராவில் 80 போலக் காட்டியது, புதியதில் அசல் 50 ஆகிவிடுகிறது. ஆக, கோபுரத்தை அடியிலிருந்து முழுமையாக எடுக்கும் விசாலம் கூடிற்று; முகத்தை நெருங்கி எடுக்கும் லென்ஸ் ஒன்றுகூட அவரிடம் இல்லாமற் போயிற்று. இன்னொன்றும் உண்டு: அவர் காமிராவையே மாற்றாமல், 1500டி-யில் தம் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து எடுத்தால், ஆர்8-இல் கிட் லென்ஸை 50 மி.மீ.யில் வைத்து எடுக்கும்போது சேர்வதைவிட நான்கரை மடங்குக்கும் மேலான ஒளி சேரும். புதிய சென்சாரின் சாமர்த்தியம் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும் என்றாலும், இருட்டில் படம் எடுப்பதற்காகவே காமிராவை மாற்றிக் கிட் லென்ஸோடு வீடு திரும்புகிறவர், தாம் எதற்காகப் புறப்பட்டாரோ அதிலேயே பின்வாங்கியவராகிறார்.

இதைக் கேட்டுக் கிட் லென்ஸை உடனே தள்ளிவிடவும் கூடாது. ஆர்8-இன் பாடியில் நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு இல்லை, 50 மி.மீ. லென்ஸிலும் இல்லை; கிட் லென்ஸில் இருக்கிறது. அசையாத பொருள்களை, சிற்பங்களை, இரவு வீதிகளைக் கையில் பிடித்தபடியே எடுக்கிறவருக்கும், நடந்துகொண்டே வீடியோ எடுக்கிறவருக்கும் அது சாமானிய உபகாரமன்று. ஓடுகிற குழந்தைக்கு மட்டும் அதனால் பயனில்லை. நடுங்குவது கையன்று, ஓடுவது குழந்தை. இவருக்கு என் யோசனை: கிட்டாகவே வாங்குவதானால், கடையில் கிடைக்குமாயின், 24-105 உள்ள கிட்டை வாங்குவது, இல்லையேல் பாடியையும் அடாப்டரையும் வாங்கி, முகங்களுக்காகக் கானனின் 85 மி.மீ. எஃப் 1.8 பழைய லென்ஸைச் செகண்ட் ஹேண்டில் தேடுவது. 1992-ல் வந்த லென்ஸ் அது, தேடினால் கிடைக்கும்.

இத்தகைய கணக்குகளையெல்லாம் போடுவதற்கு முன், மேலே போகிறவருக்கு மட்டுமே வாய்த்த ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டும்: அவருடைய பழைய படங்கள். ஒவ்வொரு படத்தின் உள்ளும் எந்த மி.மீ.யில், எந்த அபெர்ச்சரில், எந்த ஐஎஸ்ஓவில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிந்திருக்கிறது. லைட்ரூம் போன்ற மென்பொருளில் அவற்றை வகைப்படுத்திப் பார்க்கலாம். முதல்முறை வாங்குகிறவர் ஊகத்தைக்கொண்டு முடிவு செய்ய, இவர் ஆதாரத்தைக்கொண்டு முடிவு செய்யலாம். 18-லேயே படங்கள் குவிந்திருந்தால் விசாலத்தில் பற்று. 55-இல் குவிந்திருந்தால் அதற்கு அப்பாலும் போக ஆசை. பெரும்பாலான படங்கள் ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் இருந்தால் ஒளிப் பஞ்சம். ஆனால் இந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும். ஜூம் வளையத்தை இந்த முனைக்கோ அந்த முனைக்கோ முழுவதும் திருப்பிவிடுவது மனித சுபாவம். முனைகளில் படங்கள் குவிவதற்குக் கலை நோக்கம் மட்டுமல்ல, சோம்பலும் காரணமாகலாம். அத்துடன், விசாலமான காட்சிகளை இப்பொழுதெல்லாம் கைபேசியில் எடுத்துவிடுகிற பழக்கம் பலருக்கு இருப்பதால், காமிராவின் படங்களில் விசாலம் குறைவாகத் தெரிவதை வைத்து அது தேவையே இல்லை என்று முடிவு கட்டுவதும் பிசகு.

பறவைகளைப் படம்பிடிக்கிறவர்கள் விஷயத்தில் தர்க்கமே வேண்டாம். வேடந்தாங்கலில் 24-50-க்கு என்ன வேலை? அந்தப் பணத்தை 100-400-க்காகச் சேர்ப்பதே அவர்களுக்கு அழகு. முகூர்த்தம் எடுக்கிற தொழில்காரர்கள் 24-70 எஃப் 2.8-ஐ ஏற்கெனவே வைத்திருப்பார்கள். புதிய பாடியை இரண்டாவது காமிராவாகத்தான் வாங்குவார்கள். அவர்களுக்கும் கிட் வேண்டியதில்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கிட் லென்ஸின் விலை என்பது அட்டவணையில் அதற்கு நேரே போட்டிருக்கும் தொகையன்று. கிட்டுக்கும் பாடிக்கும் உள்ள வித்தியாசமே அதன் மெய்யான விலை. 2013-ல் சோனி ஏ7 பாடி மட்டும் ஏறத்தாழ 1700 டாலருக்கும், 28-70 லென்ஸோடு ஏறத்தாழ 2000 டாலருக்கும் வந்தது. அந்த 300 டாலரை எதிர்காலத்தில் வாங்கப் போகும் லென்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறையே தவிர, காமிராவின் மொத்த விலையோடு ஒப்பிட்டு, "இவ்வளவு கொடுக்கிறோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று சமாதானம் செய்துகொள்வது முறையன்று. அதே சமயத்தில் வந்த 36 மெகாபிக்சல் ஏ7ஆர்-ஐ அந்தக் கம்பெனி பாடியாக மட்டுமே விற்றது என்பதைக் கவனித்தால், எந்தச் சென்சாருக்கு எந்த லென்ஸ் போதும் என்பதில் தயாரிப்பாளரின் அந்தரங்க அபிப்பிராயம் என்ன என்பதும் ஒருவாறு விளங்கும். மேலும், கிட்டைப் பிரித்து லென்ஸை மட்டும் வெள்ளைப் பெட்டியில் விற்கும் வியாபாரம் எங்கும் உண்டு. ஆகையால் இன்று வேண்டாம் என்று விட்ட சிறு ஜூமை ஓர் ஆண்டு கழித்துத் தேவைப்பட்டால் மலிவாகவே பெற்றுக்கொள்ளலாம். இன்று வாங்கி நாளை விற்கலாம் என்று எண்ணுகிறவருக்கோ, அதே மலிவு எதிரியாக வந்து நிற்கும். விலை உயர்ந்த 24-105 வகையில் மட்டும் இது சற்றே மாறும். அதை வாங்குவார் எப்போதும் உண்டு. வெள்ளைப் பெட்டியில் வாங்கும்போது இந்தியக் கியாரண்டி அட்டை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் ஆராய்ந்து கிட்டோடு வாங்குவதென்று தீர்மானித்தவர் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மலிவாகவும் பெருவாரியாகவும் தயாராகும் லென்ஸ்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கவே இருக்கும். உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று இம்மியளவு நகர்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மழுங்கும். காமிராவை முக்காலியில் பொருத்தி, பூசாத செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக, சாய்வில்லாமல் நிறுத்தி, ஜூமின் இரு முனைகளிலும் நடுவிலும் அபெர்ச்சரை முழுவதும் திறந்து ஒவ்வொரு படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. மூன்று தெளிவாக இருக்க ஒன்று மட்டும் குழைந்திருந்தால், சுவருக்கு நேராக வைத்தோமா என்று மறுபடியும் சரிபார்த்துக்கொண்டு, அப்படியும் மாறாவிடில் பில்லோடு கடைக்குப் போகலாம். மாற்றித் தரும்படி கேட்பதற்குக் கடைக்காரர்கள் கொடுக்கிற அவகாசம் சில தினங்களே ஆகையால், இதை முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்துவிட வேண்டும்.